முயலுக்கு ஒரு தக்கை

என் கணவர் முயலிடம் பேசிய பேச்சில் கால்வாசிகூட என்னிடம் பேசியதில்லை. இதைப் பொறாமை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆனால் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் குப்பம். அங்கே அவருக்கு உம்மணாமூஞ்சி என்று பேர். ஊர்க்கூட்டத்தில் வாயைத் திறந்தால் சண்டைக்காகத்தான் திறப்பார். அப்படிப்பட்டவர் இரண்டு வருடத்துக்கு முன்பு மீஞ்சூருக்குப் போய்த் திரும்பியபோது, சட்டைக்குள் ஒரு வெள்ளை முயல்குட்டியை வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"இன்னாத்துக்கு இது?" என்று கேட்டேன்.

"சும்மாதான்மே," என்றார். பிறகு என்னைத் தாண்டி உள்ளே போய், "வா நைனா, இதான் நம்ம வூடு. இது ரூமு, இது கிச்சனு," என்று அதற்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார். கல்யாணமாகி வந்த அன்று எனக்கு இந்த வீட்டை யாரும் சுற்றிக் காட்டவில்லை.

நைனா என்றால் எங்கள் பக்கம் அப்பா. செல்லம் கொஞ்சும்போது பிள்ளைகளையும் அப்படிக் கூப்பிடுவோம். முயலுக்குத் தனியாகப் பெயர் வைக்கவேண்டிய அவசியம் வரவில்லை. "துன்னு நைனா", "தூங்கு நைனா", "இன்னிக்கி இறாலு ஒண்ணும் சரியில்ல நைனா" என்று நாள் முழுவதும் ஓடும். அவருடைய சொந்த நைனா உயிரோடு இருந்த காலத்தில் அவரோடு இவர் பேசியதெல்லாம் சேர்த்தால் ஒரு மணி நேரம் தேறாது.

எங்கள் வீடும் கொழுந்தனார் வீடும் ஒட்டினாற்போல இருக்கும், வாசல் ஒன்றுதான். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே படகு. கொழுந்தனாரின் மனைவி, அதாவது என் ஓரகத்தி, காலையில் பழவேற்காட்டுக்குக் கூடை எடுத்துக்கொண்டு போய் மீன் விற்றுவிட்டு மத்தியானத்துக்குள் வந்துவிடுவாள். நான் குப்பத்து அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். குழந்தைகளை எடை போட்டு, அட்டவணையில் புள்ளி வைத்து, கோடு இழுத்துப் பழகிய கை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், டாக்டர் எழுதிக் கொடுக்கும் காகிதம் எதுவானாலும் எனக்குப் புரியும் என்ற கர்வம் அப்போது எனக்கு நிறையவே இருந்தது.

முயலுக்கு உடம்பு சரியில்லாமல் போன அன்று காலை நான் சந்தோஷமாக இருந்தேன். தினமும் எழுந்ததும் அது போட்டு வைத்த புழுக்கைகளைத் திட்டிக்கொண்டே கூட்டுவது என் வழக்கம். அன்று தரை பளிச்சென்று இருந்தது. பரவாயில்லையே, இதற்கும் புத்தி வந்துவிட்டதே என்று நினைத்தபடி காபி கலக்கப் போனேன். ஏரியிலிருந்து வந்த கணவர்தான் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். முயல் முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, மூலையோடு ஒண்டியிருந்தது. கேரட்டை நீட்டினார், முகத்தைத் திருப்பிக்கொண்டது. வாழைப்பழத்தை நீட்டினார், அதற்கும் அதே பதில்.

"நேத்து சாய்ங்காலத்துலேருந்து ஒண்ணும் துன்னலமே," என்றார். அவருடைய குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை.

கூடையோடு கிளம்பிக்கொண்டிருந்த ஓரகத்தி எட்டிப் பார்த்தாள். "பால் சுறா புட்டு பண்ணி ஒரு வாய் ஊட்டுக்கா. பெத்த உடம்பே தேறுது, இது தேறாதா?" என்றாள். அவள் மனசு நல்ல மனசு. குப்பத்தில் எந்த உடம்பு வாடினாலும் அவளிடம் மருந்து சுறாதான். "அது புல்லு துன்ற ஜாதி," என்று கணவர் அதட்டியதும் கோபித்துக்கொண்டு போய்விட்டாள்.

இறால் அள்ளும் பிளாஸ்டிக் பெட்டியை மூன்று தடவை கழுவி, என்னுடைய நல்ல துண்டு ஒன்றை விரித்து, அதில் முயலை உட்காரவைத்தார். பைக்கில் அவர் முன்னால், மடியில் பெட்டியோடு நான் பின்னால். பாலம் தாண்டி, பழவேற்காடு தாண்டி, பொன்னேரி வரைக்கும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டியை நிறுத்தாத குறையாக ஓட்டினார். நான் மாசமாக இருந்தபோது இதே சாலையில் என்னைக் கூட்டிக்கொண்டு போனவர்தான். அன்றைக்கு எந்தப் பள்ளமும் அவர் கண்ணில் படவில்லை.

பொன்னேரியில் கால்நடை டாக்டர் ஒரு இளம்பெண். வாசலில் இருந்த உதவியாளர் சீட்டில் எழுத முயலின் பெயரைக் கேட்டார். கணவர் கூச்சமில்லாமல், "நைனா," என்றார். டாக்டர் அதை வாசித்துவிட்டு, முயலைத் தூக்கிப் புரட்டிப் பார்த்து, "இது பொண்ணுங்க," என்றார். இரண்டு வருடமாக அதைக் குளிப்பாட்டாத குறையாக வளர்த்தவர் முயலை ஒருதரம் குனிந்து பார்த்தார். பிறகு, "இருந்துட்டுப் போவட்டும்," என்று முடித்துக்கொண்டார்.

டாக்டர் காதில் குழாய் வைத்து அதன் வயிற்றை வெகுநேரம் கேட்டார். விரலால் மெதுவாக அமுக்கிப் பார்த்தார். பல்லைப் பார்த்தார். படம் எடுத்தும் பார்த்தார். உள்ளே அடைப்பு எதுவும் இல்லை, குடல் மட்டும் ஓய்ந்துபோய் நின்றிருக்கிறது என்றார். "மாடு, நாய் மாதிரி இல்லைங்க. முயல் அரை நாள் சாப்பிடலன்னாலே ஆபத்து. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா கொண்டு வந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது," என்று சொல்லிவிட்டுக் கேட்டார்: "என்னென்ன குடுக்கறீங்க?"

"புல்லு, கீரை, கேரட்டு, வாழப்பயம்," என்று கணவர் அடுக்கினார்.

"பிஸ்கட், ரஸ்க், அந்த மாதிரி?"

"எங்க வூட்ல அந்தப் பேச்சே கெடையாது மேடம்," என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

நான் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஆட்டுத் தீவனத்துக்கான காலண்டர். அதில் படிக்க ஒன்றுமில்லை, இருந்தாலும் இரண்டு தடவை படித்தேன்.

விஷயம் இதுதான். அங்கன்வாடியைப் பூட்டிவிட்டு வந்து நாலு மணிக்கு ஒரு டீ போடுவேன். சென்னைக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் மகன் வேலைக்குப் போனதிலிருந்து அந்த டீயைத் தனியாகத்தான் குடிக்கிறேன். கணவர் ஒன்று ஏரியில் இருப்பார், இல்லையென்றால் வலை பின்னும் கொட்டகையில் உட்கார்ந்து மற்றவர்கள் ஊர் நியாயம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் முயல் வந்து என் பாதத்தின் மேல் முன்னங்கால் இரண்டையும் வைத்துக்கொண்டு, மூக்கை ஆட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தது. கையில் இருந்த பிஸ்கட்டை உடைத்துப் பாதி கொடுத்தேன். மறுநாளும் வந்தது. அப்புறம் டீ கொதிக்கும் வாசனைக்கே வர ஆரம்பித்தது. என்னோடு உட்கார்ந்து டீ குடிக்க அந்த வீட்டில் அது ஒன்றுதான் இருந்தது. அதனால் கொடுத்தேன். தப்பென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கொடுத்திருப்பேனோ என்னவோ.

"மாவும் சர்க்கரையும் அதுக்கு விஷம் மாதிரி," என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மூன்றாம் தடவை காலண்டரைப் படித்தேன்.

ஊசி போட்டார்கள், தோலுக்கு அடியில் மருந்துத் தண்ணீர் ஏற்றினார்கள். டாக்டர் ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதி விளக்கினார். வலிக்குச் சொட்டு மருந்து ஒன்று. குடலுக்கு ஒன்று. மாவு மாதிரி ஒரு தீவனத்தை வெந்நீரில் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, காலை ஆறு மணியிலிருந்து நாலு மணி நேரத்துக்கு ஒருதரம், வாயின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். நேராகத் தொண்டையில் விடக் கூடாது. புல் எப்போதும் முன்னால் இருக்க வேண்டும். தினமும் எடை பார்க்க வேண்டும். புழுக்கை எத்தனை, எந்த அளவு என்று பார்க்க வேண்டும். "ரொம்ப முக்கியம், ஒருத்தர் குடுத்தது தெரியாம இன்னொருத்தரும் குடுத்துடாதீங்க. வயிறு உப்பிடும்," என்றார். நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்குப் பயிற்சி உண்டு. மேலதிகாரிகள் வரும்போதெல்லாம் ஆட்டியிருக்கிறேன். அந்த டாக்டர் நம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து காகிதத்தைப் பிரித்தபோதுதான் பாதி புரியவில்லை என்பது புரிந்தது. முதலில், வலி மருந்து எதற்கு? அது கத்தவில்லை, முனகவில்லை. குடல் மருந்து போதும், இதைத் தள்ளிவைக்கலாம் என்று தீர்மானித்தேன். "நீதான் படிச்சவ," என்று கணவரும் ஒப்புக்கொண்டார். நல்லவேளையாக, எதற்கும் கேட்டுவிடலாம் என்று டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் பதறிவிட்டார்.

"அம்மா, அதுதான் முதல் மருந்து! முயல் வலியை வெளியே காட்டாது. வலிச்சா சாப்பிடாது. சாப்பிடலன்னா குடல் நிக்கும். குடல் நின்னா காத்து சேரும். காத்து சேந்தா மறுபடி வலிக்கும். இந்த வட்டத்தை எங்கயாவது வெட்டணும். வலியில வெட்டறதுதான் சுலபம்."

அப்போதுதான் அந்தக் காகிதம் எனக்கு முழுசாகத் திறந்துகொண்டது. ஒவ்வொரு வரியும் அந்த வட்டத்தின் ஒரு இடம். கணவர் என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார். தம்பியையும் ஓரகத்தியையும் கூப்பிட்டு உட்காரவைத்து, "முகத்துவாரம் மண்ணு மூடிக்கினா ஏரி இன்னா ஆவும்?" என்று கேட்டார்.

"தண்ணி ஓட்டம் நின்னுடும். இறாலு வராது. நாறிப்பூடும்," என்றார் கொழுந்தனார்.

"நைனா வயித்துல இப்ப அதான் ஆயிக்கீது."

மூன்று பேரும் துக்கத்தோடு முயலைப் பார்த்தார்கள். ஏரி கடலோடு சேரும் வாய் தூர்ந்து போனால் வரும் கஷ்டம் எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "அப்ப நோண்டி வுட்ற வேண்டியதுதான? வெளக்கெண்ண ரெண்டு கரண்டி குடு," என்றார் கொழுந்தனார். அதற்கும் ஒரு போன். கூடவே கூடாது என்று பதில். அந்த டாக்டரின் பொறுமைக்குக் கோயில் கட்டலாம்.

ஒருத்தர் கொடுத்தது தெரியாமல் இன்னொருத்தர் கொடுத்துவிடக் கூடாதே என்ற கவலைக்கு வழி கண்டுபிடித்தவரும் என் கணவர்தான். ஏரியில் இறால் வலை போடுவதற்கு நல்ல இடங்கள் கொஞ்சம்தான். அதனால் ஊர் கூடி முறை வைத்திருக்கிறோம். அதற்குப் பாடு என்று பேர். இன்றைக்கு உன் பாடு என்றால் இன்றைக்கு நீதான் வலை போடலாம். முன்பாடு ஆள் வலையை எடுக்காமல் அடுத்தவன் வலையை இறக்கக் கூடாது. அடுத்தவன் பாடு மேல் கை வைத்தால் ஊரே கூடிவிடும். அந்தக் கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து கத்துகிறவர் என் கணவர்.

"நைனாவுக்கும் பாடு போட்டுடலாம்," என்றார்.

சீட்டுக் குலுக்கினோம். காலை ஆறு மணி கணவருக்கு, பத்து மணி கொழுந்தனாருக்கு, மத்தியானம் ரெண்டு ஓரகத்திக்கு, சாயங்காலம் ஆறு எனக்கு. பத்து மணிக்குப் படுக்கப்போகும் முன் ஊட்டுவதும் கணவருக்கே. அத்தோடு விட்டாரா? வலை மிதப்பதற்குக் கட்டுகிற தக்கை ஒன்றை எடுத்துவந்தார். யார் கையில் தக்கை இருக்கிறதோ அவர் பாடு. ஊட்டி முடித்ததும் அடுத்தவர் கையில் தக்கையைக் கொடுத்துவிட வேண்டும். தக்கை இல்லாமல் யாரும் சிரிஞ்சைத் தொடக் கூடாது. கொழுந்தனார் தக்கையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் என் அட்டவணைகளை எல்லாம்விட அது தெளிவாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அன்று சாயங்காலம் எடை போட்டோம். இறால் நிறுக்கும் தொங்குதராசில் கூடையை மாட்டி அதில் முயலை வைத்தார்கள். காட்டிய எண்ணைப் பார்த்து ஓரகத்தி, "ஒண்ணு அறநூறு," என்றாள். காலையில் டாக்டரிடம் ஒன்று எழுநூறு. ஒரே பகலில் நூறு கிராம் குறைந்துவிட்டது என்று கணவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் கிட்டே போய்ப் பார்த்தால் தராசில் ஒன்று எழுநூறு என்றுதான் இருந்தது.

"தண்ணிக்கு நூறு கழிச்சேங்க்கா," என்றாள் ஓரகத்தி, கொஞ்சமும் குற்றவுணர்வு இல்லாமல். ஈர இறாலை நிறுத்து நிறுத்து அவளுக்கு எதை நிறுத்தாலும் தண்ணீர் கழிக்காமல் எண் வாயில் வராது. கணவர் முயலைத் தூக்கிக்கொண்டு, "காஞ்ச முயலு நைனா நீ, அவளுக்குத் தெரில," என்று சமாதானம் சொன்னார்.

மறுநாள் காலை வரைக்கும் ஒரு புழுக்கைகூட விழவில்லை. சாயங்காலத்துக்குள் விழாவிட்டால் திரும்பத் தூக்கி வரச் சொல்லியிருந்தார் டாக்டர். நான் அங்கன்வாடிக்குப் போனேனே தவிர, மனசு கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. ஒரு பெண்குழந்தை சுண்டலில் பாதியை என்னிடம் நீட்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த முயல் செத்துப்போனால் நான் அவரிடம் சொல்வேனா, மறைப்பேனா? சொன்னால் அந்த மனுஷன் என் முகத்தில் விழிப்பாரா? மறைத்தால் நாலு மணிக்கு நான் எப்படி டீ குடிப்பேன்? இதே நினைப்பில் குழந்தைகளின் வருகையை இரண்டு தடவை குறித்துவிட்டேன்.

மூன்றரைக்கு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் கணவரும் ஓரகத்தியும் சாவு வீட்டில் உட்காருவது போல உட்கார்ந்திருந்தார்கள். முயல் கணவரின் மடியில் இருந்தது, காது இரண்டும் தொங்கிப்போய். பக்கத்தில் கிண்ணத்தில் கரைத்த தீவனம் ஆறிக் கட்டியாகிக் கிடந்தது. சிரிஞ்சு காய்ந்திருந்தது.

"இன்னும் குடுக்கலியா?" என்று கேட்டேன்.

"ரெண்டு மணி என் பாடுதாங்க்கா," என்றாள் ஓரகத்தி. "ஆனா பத்து மணி பாடே இன்னும் முடியலியே. முன்பாடு எடுக்காம நான் எப்டி எறங்கறது?"

"பத்து மணி ஏன் முடியல?"

"அவன் தக்கைய ஜோபில போட்டுக்கினு இன்ஜின் ரிப்பேருக்குப் பழவேற்காடு போய்ட்டான்," என்றார் கணவர். "பத்து தபா போன் பண்ணிட்டேன். வரேன் வரேன்னு சொல்லிக்கினேகீறான்."

"நீங்க காலையிலேருந்து இங்கயேதான இருக்கீங்க?"

"இருக்கேன்."

"ஊட்ட வேண்டியதுதான?"

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "என் பாடு இல்லமே அது. பாடு போட்டதே நானு. நானே மீறினா..."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. ஆறு மணிக்கு ஊட்டியதோடு சரி, கிட்டத்தட்டப் பத்து மணி நேரம். உயிருக்கு உயிரான முயலை மடியில் வைத்துக்கொண்டு, கைக்கெட்டும் தூரத்தில் தீவனத்தையும் வைத்துக்கொண்டு, ஒரு தக்கைக்காகக் காத்திருக்கிறார்கள் இரண்டு பெரியவர்கள். இதை வேறு எந்த ஊரில் செய்வார்கள்? கிண்ணத்தைக் கொட்டிவிட்டு வெந்நீரில் புதிதாகக் கரைத்தேன். கரைக்கும்போதே வாயும் ஓடியது. பாடாவது மண்ணாங்கட்டியாவது, ஏரி என்றால் நாளைக்கும் இருக்கும், இது இருக்குமா, உங்களுக்கெல்லாம் மண்டையில் மூளைக்குப் பதிலாக வலையா இருக்கிறது என்று ஆரம்பித்தேன். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போய்க்கொண்டே இருந்தேன்.

"மீறினா இன்னா? நான் மீறாததா? டெய்லி நாலு மணிக்கு இதுக்குப் பிஸ்கட் குடுத்தவளே நான்தான்! டாக்டர் கேட்டப்போ வாய மூடிக்கினு நின்னதும் நான்தான்! இதுக்கு இன்னா ஆனாலும் என்னாலதான் ஆச்சி, உங்க தக்கையாலயும் இல்ல, தம்பியாலயும் இல்ல!"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது. ஓரகத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கணவர் துண்டால் முயலைச் சுற்றி, நான் ஊட்டுவதற்கு வாகாகப் பிடித்துக்கொண்டார். வாயின் ஓரமாகக் கொஞ்சம், அது மென்று விழுங்கும் வரை காத்திருந்து இன்னும் கொஞ்சம். கடைசிச் சொட்டு உள்ளே போகும்போது கொழுந்தனார் உடம்பெல்லாம் எண்ணெய்க்கறையோடு ஓடிவந்து, பயபக்தியோடு தக்கையை நீட்டினார். அவருக்கு நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அன்று சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் கணவர் வெளியிலிருந்து கத்தினார். போய்ப் பார்த்தால் உள்ளங்கையை விரித்துக் காட்டிக்கொண்டு நிற்கிறார். மிளகைவிடச் சின்னதாக, கறுப்பாக, மூன்று புழுக்கைகள். தங்கம் கிடைத்தவரின் முகம்கூட அப்படி இருக்காது. அரை மணி நேரத்தில் இன்னும் நாலு. அவற்றைச் செய்தித்தாளில் பெரிது சிறிதாக, இறாலைத் தரம் பிரிப்பது போல வரிசைப்படுத்திப் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினார். டாக்டரிடமிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் ஒரு படம் வந்தது. அதை ஓரகத்தி, கொழுந்தனார், பக்கத்து வீட்டார் என்று எல்லோருக்கும் காட்டினார்.

எனக்கு மட்டும் காட்டவில்லை. அன்று மட்டுமல்ல, அடுத்த நாலு நாளும் என்னிடம் பேச்சே இல்லை. அவர் பேசாமல் இருப்பது எனக்குப் புதிதல்ல. இது வேறு மாதிரி. என் காதில் விழும்படி முயலிடம், "யாரு எத்த குடுத்தாலும் வாங்கித் துன்னுடுவியா நைனா?" என்று கேட்பார். முயலும் பதில் சொல்லாது, நானும் சொல்ல மாட்டேன். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது. முயல் தேறிக்கொண்டே வந்தது. நான் நாலு மணி டீயை நிறுத்திவிட்டேன்.

ஐந்தாம் நாள் திரும்பக் காட்டப் போனோம். டாக்டர் வயிற்றைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். இந்த முறை நான் காலண்டர் பக்கம் திரும்பவில்லை. "மேடம், நான் அதுக்கு டெய்லி பாதி பிஸ்கட் குடுத்தேன். அன்னிக்கிச் சொல்லல," என்றேன்.

"இனிமே வேண்டாம். ஆனா பாதி பிஸ்கட்டால மட்டும் இப்படி ஆகாதும்மா. புல்லு எவ்ளோ சாப்பிடுது? சாப்பாட்டுல முக்கால்வாசிக்கு மேல புல்லா இருக்கணும்," என்றார்.

கணவர்தான் தொண்டையைக் கனைத்தார். எங்கள் குப்பம் உப்புமண். அங்கே கண்ணுக்கெட்டியவரை உமரிச்செடியும் மணலும்தான். புல் வேண்டுமென்றால் பாலம் தாண்டி வந்து அறுக்க வேண்டும். முதல் நாள் வரிசையில் புல்லை முன்னால் சொன்னவர், அதை வாரத்துக்கு ஒருமுறைதான் கொண்டுவந்தார். மிச்ச நாளெல்லாம் கேரட்டும் வாழைப்பழமும். அதுவும் அன்போடு, ஆளுயரத்துக்கு. "வாழப்பயம் ஒடம்புக்கு நல்லதுன்னு..." என்று இழுத்தார். அதிலும் சர்க்கரைதான் என்று டாக்டர் சொன்னதும், இப்போது காலண்டரைப் படிப்பது அவர் முறையாயிற்று.

வரும் வழியில் வயல் ஓரத்தில் வண்டியை நிறுத்தி இரண்டு பேரும் புல் அறுத்தோம். ஒரு கோணி நிறைந்தது. அதைப் பின்னால் கட்டி, பெட்டியை என் மடியில் வைத்தார். பாலத்தின் மேல் போகும்போது, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"பாதியா, முழுசா?"

"பாதி. மீதி பாதி நான் துன்னுவேன்."

"டெய்லியுமா?"

"நீங்க டீ குடிக்க வர்ற அன்னிக்கி மட்டும் குடுக்க மாட்டேன்."

"நான் என்னிக்கி வந்தேன்?" என்றார். ஏரியில் தண்ணீர் நன்றாக ஏறியிருந்தது.

மறுநாள் அவருக்கு ஏரியில் பாடு இல்லை. நாலு மணிக்கு, நாலைந்து நாளாக அடுப்பில் ஏறாத டீப் பாத்திரத்தைப் பழக்கதோஷத்தில் எடுத்து வைத்தேன். வாசனைக்கு முயல் வந்துவிட்டது. என் காலில் முன்னங்கால்களை வைத்து நிமிர்ந்து பார்த்தது. ஒரு பிடி புல்லைப் போட்டேன். அது புல்லைப் பார்த்தது, பிஸ்கட் டப்பாவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. இவ்வளவு நாள் சேர்ந்து டீ குடித்தவளா நீ என்று கேட்பது போல இருந்தது. நான் பிஸ்கட்டை எடுக்கவே இல்லை.

வாசலில் நிழல் தட்டியது. கொட்டகையில் உட்கார்ந்திருக்க வேண்டிய நேரத்தில் கணவர் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து அந்தத் தக்கையை எடுத்து, என் டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, ஒரு பிஸ்கட்டை எடுத்துப் பாதியாக உடைத்தார். ஒரு பாதியை என்னிடம் நீட்டினார்.

"நைனாவோட பாடு இது. இனிமே என்னுது," என்றார்.

அவருக்கு டீ ஊற்ற இன்னொரு டம்ளர் தேட எழுந்தேன். முயல் எங்கள் இரண்டு பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு புல்லைத் தின்றது.